எழுபத்தோராம் நாள்

நீடாமங்கலம் கேட் விழுந்துவிட்டது.
டிரைவர் இன்ஜினை அணைக்கிறார்.
அணைத்தால் இருபது நிமிஷம் என்று அர்த்தம்.

தைலம்மை வக்கீல் கறுப்புக் கோட்டை மடித்து
பையில் வைத்துவிட்டுத் திரும்பி,
பின்சீட்டுக் கோசலையிடம் கேட்கிறார்:
"முதலாளின்னா யாரு?"
"சம்பளம் குடுக்கறவரு."
"ஒங் கையில குடுத்தது யாரு?"
"மேஸ்திரி."
"அப்ப மேஸ்திரிதான் முதலாளியா?"
கோசலை ஜன்னலைப் பார்க்கிறாள்.
முறுக்கு விற்க ஏறியவன்
பதிலைக் கேட்க நின்றுவிட்டான்.

முப்பது வருஷமாக இப்படித்தான்.
வெள்ளிக்கிழமை தஞ்சாவூர்க் கல்லூரியில் பாடம்,
மற்ற நாளெல்லாம் பஸ்ஸில்.
நான் குமாஸ்தா.
கட்டு கட்டுவேன், நம்பர் வாங்குவேன்,
வாய்தா தேதியைக் காலண்டரில் சுழிப்பேன்.
சட்டம் எனக்குத் தெரியாது, தேதி தெரியும்.
தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

நாற்பத்தொரு பெண்கள்.
பதினாலு வருஷம் நெல் அவித்து,
களத்தில் காலால் கிளறி, காய்ந்ததை அள்ளி.
மூடிய அன்று ஆலை சொன்னது:
இவர்கள் யாரென்றே தெரியாது.
மஸ்டர் ரோல் இல்லை. அட்டை இல்லை.
வக்கீலம்மா ஆலையின் செலவுக் கணக்கை வரவழைத்தார்.
தீபாவளி, தொழிலாளர் சேலை: நாற்பத்தொன்று.
அடுத்த தீபாவளியும் நாற்பத்தொன்று.
பார்த்தார்கள். பார்த்துவிட்டுத்
தள்ளுபடி செய்தார்கள்.

அப்பீலுக்கு அறுபது நாள்.
ஐம்பத்தெட்டாம் நாள் வெண்ணாறு உடைத்துக்கொண்டது.
கட்டு என் வீட்டுப் பரணில்.
நான் என் வயலில்,
இடுப்பளவுத் தண்ணீரில், சம்பாவைத் தேடிக்கொண்டு.
தண்ணீர் வடிந்து பாதை தெரிந்த பிறகும்
நாலு நாள் அங்கேதான் இருந்தேன்.
அதை யாரிடமும் சொல்லவில்லை.

எழுபத்தோராம் நாள் போட்டோம்.

எதிர்த்தரப்பில் இளவழுதி. அம்மாவின் மாணவன்.
எழுந்ததும் முதல் வார்த்தை: "காலவரம்பு."
அம்மா சிரித்தார்.
அந்தச் சிரிப்பு எனக்குப் புரிய ஒரு மாசம் ஆயிற்று.
எலி கடித்த பழைய விடைத்தாள் கட்டைப்
பிரித்தபோது கிடைத்தது:
இளவழுதி, இறுதியாண்டு.
கேள்வி, 'ஆலைத் தரப்பில் நின்று வாதிடுக.'
பத்துக்கு ஒன்பது.
ஓரத்தில் சிவப்பு மையில் அவர் எழுத்து:
எல்லாம் சரி. காலவரம்பை மறந்துவிட்டாய்.

பொதுப்பணித்துறை நீர் அளவுப் பதிவேட்டை வைத்து
நாள் நாளாக ஆற்றை வாதிட்டார்.
தாமதம் மன்னிக்கப்பட்டது, செலவுத்தொகை இரண்டாயிரம்.
ஆறு சொல்லாத நாலு நாளுக்குப்
பிரமாணப் பத்திரத்தில் இப்படி ஒரு வரி:
என் கவனக்குறைவு. இப்படிக்கு, தைலம்மை.
டைப் அடித்தது நான்.
இரண்டாயிரத்தை என் சம்பளத்தில் பிடிக்கவில்லை.
பிடித்திருந்தால் தேவலை.

இந்த வருஷமும் அதே கேள்விதான் வைத்தார்.
ஒரு பெண் எழுந்து,
"நாங்க ஏன் மேடம் ஆலைக்காக எழுதணும்?" என்றாளாம்.
"அவன் என்ன சொல்வான்னு தெரியாம
கோசலைக்காக எந்திரிச்சு நிக்காத."

கூட்ஸ் வருகிறது. நெல் மூட்டை, தார்ப்பாய்,
நெல் மூட்டை, தார்ப்பாய்.
எண்ண ஆரம்பித்தேன்.
கோசலை பேசியதில் விட்டுப்போயிற்று:
"மேஸ்திரிக்கு யாரு குடுத்தது?
அதைல்ல கேக்கணும்?"

அம்மா ஒன்றும் சொல்லாமல்
முன்பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"எனக்கு, அக்கா," என்றான் முறுக்குக்காரன்,
"முறுக்கு கடைக்காரரது, கூடை வாடகை,
பாக்கெட்டுக்கு ஒரு ரூபா. எனக்கு யாரு?"

கேட் எழுந்துவிட்டது.
அவன் இறங்கவில்லை.
வலங்கைமானுக்கு ஒரு டிக்கெட் எடுத்தான்.